ஒற்றைக்கால் பொம்மை கேட்டவள்

என் சின்னம்மா ஜேர்மனியில் பொம்மை சேர்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் ஒரே தங்கை. கலியாணம் செய்து பதின்மூன்று வருடமாகப் பிள்ளை இல்லை. "பிள்ளை இல்லாத குறைக்குப் பொம்மை வச்சு விளையாடுறா" என்று விசுவமடுவில் எங்கள் ஒழுங்கைக்காரர் ஒரே வரியில் அவருடைய கதையை முடித்துவிட்டார்கள். எனக்கும் அந்த வரி பிடித்திருந்தது. அவரை வெறுப்பதற்கு அது பல வருடம் உதவியது. வெறுக்க வேண்டிய ஆள் அவர்தானா என்ற கேள்வி ஒரு நாள் வந்தது. அந்த நாளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ஆனால் பொம்மையிலிருந்து தொடங்காவிட்டால் ஒன்றும் விளங்காது.

சண்டை ஓய்ந்து வன்னிக்குப் பாதை திறந்த அடுத்த வருடம், ஓகஸ்ட் விடுமுறையில் சின்னம்மா வந்தார். வவுனியாவில் வான் பிடித்து வந்தவரை ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இறக்கி, பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவில் ஒரு மொட்டைத் தலை, தனியாக நான்கு கைகள், ஒரு பையில் பொய்முடிகள், ஒரு சின்ன டப்பாவில் எட்டுக் கண்ணாடிக் கண்கள். சோதித்த சிப்பாய் ஒரு கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இன்னொருவனைக் கூப்பிட்டானாம். அவன் மூன்றாவது ஆளைக் கூப்பிட்டானாம்.

"மேசையில கண்ணை உருட்டிப் பாத்துப்போட்டுத்தான் விட்டவங்கள்" என்று சின்னம்மா முற்றத்தில் நின்று சொல்ல, நானும் தங்கச்சியும் விழுந்து விழுந்து சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. அம்மா கதிரையில் இருந்தார். அப்போதுதான் சின்னம்மா கீழே பார்த்தார்.

அம்மாவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. முந்திய வருடம் எங்கள் காணிக்குத் திரும்பி வந்து, வேலியோரப் பற்றையை வெட்டும்போது மிதிவெடி. அப்பா அதற்கு முன்னமே, நாங்கள் இடம்பெயர்ந்திருந்த கொட்டிலில் மலேரியாக் காய்ச்சலில் போய்விட்டார். காலைப் பற்றிக் கடிதத்தில் எழுதியிருந்தோம்தான். ஆனாலும் சின்னம்மா அப்படியே முற்றத்து மண்ணில் இருந்து அழத் தொடங்கினார். அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அழுது முடிஞ்சால் சொல்லு, தேத்தண்ணி போடச் சொல்லுறன்" என்றார்.

தேத்தண்ணி போடுவது நான்தான். கிணற்றில் தண்ணீர் அள்ளுவது, விறகு பொறுக்குவது, காலையில் அம்மாவின் பொய்க்காலைக் கட்டிலடியில் இருந்து எடுத்து வந்து, மொட்டைக் காலுக்குத் துணியுறை போட்டு, பட்டியை இழுத்துக் கொளுவுவது எல்லாம் நான்தான். எனக்குப் பதின்மூன்று வயது. தங்கச்சிக்கு ஒன்பது. அவள் வடிவு. நாங்கள் இடம்பெயர்ந்து இருந்த இடமெல்லாம் யாராவது அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுத்தான் போவார்கள். என்னைப் பார்த்தால் "கெட்டிக்காரி" என்பார்கள். வடிவில்லாத பிள்ளைக்குச் சொல்ல எங்கள் பக்கத்தில் வேறு சொல் இருக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் நான் குசினிக்குப் பின்னால் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே அவர்கள் இருவரும் கதைப்பது தட்டி வழியே கேட்டது.

"ஒருத்தியை எனக்குத் தாங்கோ அக்கா. நான் என்ர பிள்ளை எண்டு எழுதி எடுக்கிறன். ரெண்டு பேரையும் கேக்க எனக்கும் ஆசைதான். அங்க விடமாட்டினம். ஒருத்திதான்."

அம்மா, "ஆரை?" என்று கேட்டார்.

"அதைத்தான் பாக்கிறன்" என்றார் சின்னம்மா.

கையில் இருந்த சட்டியை நான் எத்தனை தடவை கழுவினேன் என்று தெரியாது. எனக்குப் போக வேண்டும். இதை மறைத்து எழுதுவதில் பிரயோசனம் இல்லை. அம்மாவைப் பிரிய வேண்டுமே என்று ஒரு கணம்கூட எனக்குத் துக்கம் வரவில்லை. காலையில் எழும்பியதும் அந்தக் காலைத் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லாத ஒரு வீடு என்றுதான் முதலில் தோன்றியது. அந்தத் துணியுறையின் மணம் எனக்குப் பிடிக்காது. பதின்மூன்று வயதில் நான் அப்படித்தான் இருந்தேன்.

அடுத்த நாள் சின்னம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டுப் பாயில் இருத்தினார். கொண்டுவந்த பொம்மையைத் துண்டுதுண்டாக எடுத்துக் கோத்துக் காட்டினார். இரண்டடி உயரம். றப்பர் இல்லை, பிளாஸ்ரிக்கும் இல்லை, எலும்பு மாதிரிக் கனமான ஏதோ பிசின். தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால், கணுக்கால் எல்லாவற்றிலும் ஒரு உருண்டை, அது போய் இருக்க ஒரு குழி. உள்ளே இலாஸ்டிக் ஓடுகிறது. அதன் இழுவையில்தான் முழு உடம்பும் நிற்கிறது. காலை மடக்கினால் மடங்கியபடியே இருந்தது. கையைக் கன்னத்தில் வைத்தால் யோசித்தது. தங்கச்சி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். எனக்கு அது கொஞ்சம் பயமாக இருந்தது, ஆனால் முகத்தில் காட்டவில்லை.

பிறகு ஒரு ஆல்பத்தை விரித்தார். அவருடைய பொம்மைகளும், அவர் வாங்க நினைத்திருந்த பொம்மைகளும். ஒவ்வொரு படத்துக்கும் கீழே இலக்கம்.

"இதைச் சேர்க்கிற ஆக்களில ரெண்டு வகை இருக்கினம்" என்றார். "ஒரு வகை, முகத்தைப் பாத்த உடன விழுந்திடுவினம். வாங்கிப்போட்டுப் பிறகுதான் இவள் ஆர், என்ன பேர், என்ன குணம் எண்டு யோசிப்பினம். மற்ற வகைக்கு முதல் மனசில ஒரு ஆள் வர வேணும். அந்த ஆளுக்கு ஏத்த முகத்தைத் தேடி, கண்ணைத் தேடி, தலைமயிரைத் தேடிக் கோப்பினம். நான் ரெண்டாவது வகை." மணிக்கூடு திருத்துகிற ஒரு விதவையை அவர் மனதில் வைத்திருந்தாராம். அவளுக்கு முகம் கிடைக்க இரண்டு வருடம் எடுத்ததாம். படத்தைக் காட்டினார். மூக்குக்கண்ணாடி போட்ட, வாயை இறுக்கிக்கொண்டிருந்த ஒரு பொம்மை. எனக்குத் தெரிந்த ஆள் யாரோ மாதிரி இருந்தது.

"இப்ப நீங்கள் சொல்லுங்கோ. எது வேணும், ஏன் வேணும்? ஒண்டை இங்க வச்சிட்டுத்தான் போகப்போறன்."

தங்கச்சி விரலை வைக்க ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. தங்க நிற முடி, நீலக் கண், ரோசா உதடு. "ஏன் பிள்ளை?" என்று சின்னம்மா கேட்க, "வடிவு" என்றாள். அவ்வளவுதான். சின்னம்மா சிரித்துக்கொண்டு அவள் தலையைத் தடவினார்.

என் முறை. இது பொம்மைக்கான கேள்வி இல்லை என்று எங்கள் இருவரில் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்துகொண்டே விளையாடுகிறவளுக்கு வெல்வது என்ன பெரிய காரியம்? தான் குணத்தைப் பார்த்துத் தேர்பவர் என்று அவரே வாயைத் திறந்து சொல்லித் தந்துவிட்டார். வடிவை வைத்துக்கொண்டு நான் தங்கச்சியிடம் வெல்ல முடியாது. குணத்தில் வெல்லலாம்.

"நான் முதல் ஆளைச் சொல்லட்டோ சின்னம்மா?"

"சொல்லு பார்ப்பம்."

அங்கேயே இருந்து பொய்யாக ஒரு மனுசியைக் கட்டினேன். அவள் முட்டைக்காரி. சைக்கிளில் கூடை கட்டிக் கிளிநொச்சிச் சந்தைக்கு முட்டை கொண்டு போகிறவள். ஒரு கால் இல்லை. ஒற்றைக் காலால் மிதித்துக்கொண்டு, மற்றப் பக்கத்துப் பெடலில் செங்கல்லைக் கட்டியிருக்கிறாள், பாரத்தில் தானே கீழே இறங்கட்டும் என்று. முட்டை உடைந்தால் அழமாட்டாள், அவித்துத் தின்றுவிடுவாள். யாராவது பாவம் பார்த்து விலை பேசாமல் வாங்கினால் அவளுக்குக் கோபம் வரும். காரணம் இல்லாமல் சிரிக்கமாட்டாள்.

"இந்த ஆல்பத்தில அவ இல்லை" என்றேன். "இந்த இருபத்திமூண்டாம் நம்பரின்ர முகம் சரிவரும். ஆனால் மயிரைக் கழட்டிப்போட்டு நரைமயிர் போட வேணும். ஒரு காலைக் கழட்ட வேணும். கழட்டலாமோ?"

வாசலில் கதிரையில் இருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றுவிட்டது. சின்னம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடியில் இருந்த பொம்மையின் வலது காலைப் பிடித்து இழுத்தார். இலாஸ்டிக் நீண்டு வந்தது. முனையில் ஒரு சின்னக் கொக்கி. அதைக் கழற்றிக் காலை என் கையில் தந்தார். மிச்சம் இருந்த பொம்மை அவர் மடியில் ஒரு பக்கமாகச் சரிந்தது.

"கழட்டலாம்" என்றார்.

நான் வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்துத் தங்கச்சியைத்தான் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார்கள். சொன்னது அம்மா. சின்னம்மா பக்கத்தில் நின்று தன் சேலைக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கே பொம்மைக்குக் காலைத் திரும்பக் கொளுவி, தங்க நிற முடி போட்டு, நீலக் கண் வைத்து, தங்கச்சி கேட்ட மாதிரியே ஆக்கி அலுமாரிக்கு மேல் இருத்திவிட்டுப் போனார். கடதாசி வேலைக்குக் கொழும்பில் ஒரு வருடம் பிடித்தது. ஒரு விடியற்காலையில் தங்கச்சி வானில் ஏறினாள். ஏறும்போது அழுது அழுது சத்தி எடுத்தாள். "அம்மா, என்ர இடத்தில அதை வச்சிருங்கோ" என்று யன்னலால் கத்தினாள். வான் தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது. நான் போய் அடுப்பை மூட்டினேன்.

அந்த நாளில் தொடங்கிய கோபம் எனக்குச் சோறு மாதிரி ஆகிவிட்டது. வாயில் குணம், கண்ணில் வடிவு. இரண்டு வருடம் தேடினாளாம் விதவைக்கு முகம்! என் முகம் சரிவரவில்லை என்று நேராகவே சொல்லியிருக்கலாமே. கிணற்றடியில், பள்ளிக்கூடம் போகும் வழியில், அம்மாவின் பட்டியைக் கொளுவும்போது என்று நாள் முழுக்க நான் சின்னம்மாவோடு மனதுக்குள் சண்டை பிடித்தேன். அவரை நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்க நூறு கேள்வி வைத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அவர் அனுப்புகிற உடுப்புகளைப் போட்டுக்கொண்டுதான் திரிந்தேன்.

ஜேர்மனியில் இருந்து படங்கள் வந்தன. ஒன்றில் தங்கச்சி வயலினோடு நின்றாள். அடுத்ததில் பரதநாட்டிய உடுப்பு. அதற்கடுத்ததில் கழுத்தளவு வெட்டிய முடி, கையில் ஏதோ தடித்த புத்தகம். ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு பிள்ளை. வயலினும் சலங்கையும் இரண்டாவது தடவை எந்தப் படத்திலும் வரவில்லை. ஒரே முகத்துக்குச் சின்னம்மா ஆள் தேடிக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு விளங்கியது, சந்தோசமாகவும் இருந்தது. அந்தச் சந்தோசம் எவ்வளவு கேவலமானது என்றும் தெரிந்தது.

அம்மா படங்களை வரிசையாக அலுமாரிக் கண்ணாடியில் செருகி வைத்தார். மேலே பொம்மை. கோயிலுக்குப் போகிற நாளில் அதற்கும் ஒரு பூ. வெள்ளிக்கிழமை அதன் முகத்தை ஈரத் துணியால் துடைப்பார். ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. அம்மா கிளினிக் போயிருந்த நேரம் பொம்மையை இறக்கி, வலது காலை இழுத்துக் கொக்கியைக் கழற்றிவிட்டு, முருங்கைத் தடியில் ஒரு கால் சீவிக் கட்டினேன். நரைமயிருக்கும் வேறு முகத்துக்கும் நான் எங்கே போவது? காலைத்தான் மாற்ற முடிந்தது. அம்மா வந்து பார்த்தார். கோபிக்கவில்லை. கட்டிலில் இருந்தபடி தடியை அவிழ்த்துவிட்டு, பழைய காலைக் கொக்கியில் கொளுவி, இழுத்து, குழியில் இருத்தினார். "என்ர வீட்டில ஒரு நொண்டி காணும்" என்றார்.

பிறகு சண்டை மறுபடி தொடங்கிப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். படங்கள் நின்றன. தொலைபேசியும் அருமையாகிவிட்டது. சாமான் விலை ஏறியது, பதுங்குகுழி வெட்டினோம், வெட்டியது நான். ஒரு தை மாதத்தில் விசுவமடுவை விட்டு வெளிக்கிட்டோம். சைக்கிளில் அரிசி, ஒரு பாய், ஒரு உரப்பை நிறையத் துணி. கரியரில் அம்மா. அம்மாவின் மடியில் பொம்மை.

"அதை விட்டிட்டு வாங்கோ அம்மா, பாரம்."

"நான் வச்சிருக்கிறன். நீ உருட்டு."

உருட்டினேன். அந்த ரோட்டில் சனம் எதையெல்லாம் விட்டுப் போனது என்று எழுதினால் ஒரு புத்தகம் வரும். தையல் மெசினை விட்டார்கள், கதவை விட்டார்கள், மாட்டைக் கட்டவிழ்த்து விட்டார்கள். நாங்கள் பொம்மையை விடவில்லை. அரிசி முடிந்தது, சைக்கிள் ஒரு இடத்தில் எறிகணை விழுந்த செல்லடியோடு போனது, அப்போதும் பொம்மை இருந்தது. அதன் பிறகு அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

மாத்தளனுக்குக் கிட்ட, கடற்கரை மணலில் அம்மாவின் பொய்க்காலின் பட்டி அறுந்தது. உப்புத் தண்ணீரில் ஊறி ஊறித் தோல் இற்றுப்போயிருந்தது. சேலைக் கிழிசலால் கட்டிப் பார்த்தேன், இரண்டு அடி வைக்க நழுவியது. காலை விட்டுவிட்டு அம்மாவைத் தூக்கிக்கொண்டு கடல்நீரேரியைக் கடந்து இராணுவத்தின் பக்கம் போக என்னால் முடியாது. காலோடு என்றால் அம்மா நடப்பார். பட்டி வேண்டும், அதுவும் இழுவை உள்ள பட்டி.

பொம்மையைப் பார்த்தேன். அம்மாவும் என்னைப் பார்த்தார். நான் கேட்கவில்லை. அம்மா தானே நீட்டினார்.

அதன் தலையைத் திருகிக் கொக்கியைக் கழற்றினேன். உள்ளே ஓடிய இலாஸ்டிக்கை வெளியே இழுத்ததும் முழு உடம்பும் ஒரே தடவையில் உதிர்ந்துவிட்டது. கை, கால், இடுப்பு, தொடை எல்லாம் மணலில் சிதறிக் கிடந்தன. பக்கத்தால் போன ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மணலில் அது புதினமான காட்சி இல்லை. இலாஸ்டிக்கை இரட்டையாக மடித்து, அம்மாவின் தொடையைச் சுற்றிக் கட்டி, பொய்க்காலின் வளையத்தில் பொம்மையின் கொக்கியையே மாட்டினேன். அம்மா எழும்பி நின்றார். இரண்டு நாள் கழித்து அந்த இலாஸ்டிக்கில்தான் நீரேரியைக் கடந்தார்.

அக்கரையில் இராணுவம் எங்களை ஏற்றிய பஸ்ஸை ஓமந்தையில் நிறுத்தி இறக்கினார்கள். வரிசையாக மேசைகள். பொம்பிளைகளைப் பொம்பிளைகள் சோதித்தார்கள். அம்மாவின் துணிப்பையை ஒருத்தி மேசையில் கொட்டினாள். பிறப்புச் சான்றிதழ்கள் சுற்றிய பொலித்தீன், ஒரு சீப்பு, ஒரு சட்டை. பிறகு அந்தத் தலை உருண்டு வந்து மேசை ஓரத்தில் நின்றது. தங்க நிற முடியில் பாதி இல்லை. நீலக் கண் இரண்டும் இருந்தன.

எனக்குத் தெரியாது. மணலில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்ததாகத்தான் நினைத்திருந்தேன்.

சோதித்தவள் தலையைத் தொடவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்து, உடைந்த தமிழில், "பிள்ளை எங்கே?" என்று மெதுவாகக் கேட்டாள். ஏதோ செத்துப்போன பிள்ளையின் சாமான் என்று நினைத்திருப்பாள். அப்படிக் கேட்டு அப்படியே பதிலும் கேட்டு அவளுக்குப் பழகியிருக்கும்.

"வெளிநாட்டில" என்றார் அம்மா. "அவள் தப்பிட்டாள்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அம்மா சிரித்து நான் அந்த வருடத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் பக்கத்தில், ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அம்மாவைப் பிடித்துப் பிடித்து என் தோள் புண்ணாகியிருந்தது. அம்மாவும் வடிவைத்தான் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

எங்களைக் கொண்டுபோய் அடைத்த முகாமில் பக்கத்துக் கூடாரத்து அக்காவிடம் ஒளித்து வைத்த கைத்தொலைபேசி ஒன்று இருந்தது. மூன்றாவது கிழமை, மத்தியான வெயிலில், தண்ணீர் வரிசையில் நின்ற என்னைக் கூப்பிட்டு அதைக் காதில் வைத்தார். தங்கச்சி. எப்படியோ இலக்கம் தேடிப் பிடித்திருக்கிறாள். குரல் பெரிய பிள்ளையின் குரலாகியிருந்தது. தமிழ் தட்டித் தடுமாறி வந்தது. அம்மா இருக்கிறாரா என்று மூன்று தரம் கேட்டாள். நான் மூன்று தரமும் "ஓம், ஓம்" என்றேன்.

"உனக்கென்ன, நீ நல்லா இருப்பாய்" என்றேன். நினைத்ததைவிடக் கூர்மையாக விழுந்துவிட்டது.

"அக்கா, உங்கட இடத்திலதான் நான் இருக்கிறன். உங்களுக்குத் தெரியாதோ?"

"என்ன கதை இது?"

"சின்னம்மா கோவம் வந்தால் சொல்லுவா. வயலினை விட்டபோது சொன்னவா, டான்ஸை விட்டபோது சொன்னவா. நான் கேட்டது உன்னை இல்லை, உன்ர அக்காவை எண்டு. அண்டைக்கு நீங்கள் அந்த முட்டைக்காரியின்ர கதையைச் சொன்ன உடனயே அவா முடிவெடுத்திட்டாவாம். அம்மாதான் விடேல்லையாம். அம்மாதான் என்னைக் கொண்டு போகச் சொன்னவாவாம்." பிறகு சின்னக் குரலில், "அக்கா, என்னை ஆருமே கேக்கேல்லை" என்றாள்.

காசு முடிந்து தொடர்பு அறுந்தது. தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி வரிசையில் போய் நின்றேன். என் வாளி நின்ற இடத்தில் வேறொருத்தியின் வாளி நின்றது. சண்டை பிடிக்கவில்லை.

கூடாரத்துக்குள் அம்மா பாயில் காலை நீட்டிக்கொண்டிருந்தார். தலைமாட்டில் அந்தத் தலை. நான் தண்ணீரை வைத்தேன்.

"சின்னம்மா என்னைத்தான் கேட்டவாவோ?"

அம்மா யார் சொன்னது, எப்போது சொன்னது என்று ஒன்றும் கேட்கவில்லை. ஆறு வருடமாக இந்தக் கேள்விக்குக் காத்திருந்த மாதிரி உடனே பதில் சொன்னார்.

"ஓம். உன்னைத்தான்."

"பிறகு?"

"சின்னவள் வடிவான பிள்ளை. எங்க கொண்டுபோய் விட்டாலும் ஆரும் தூக்குவினம். வடிவை வச்சு எனக்கு என்ன பிரயோசனம் பிள்ளை? நீ அண்டைக்கு ஆல்பத்தைப் பாத்துக்கொண்டு அந்த ஒத்தைக்கால் மனுசியின்ர கதை சொன்னாய். பெடலில செங்கல் கட்டுறது, ஆரும் பாவம் பாத்தால் கோவம் வாறது. எனக்கு அப்பதான் தெரிஞ்சது, இந்த வீட்டில என்ர காலைப் பாத்த பிள்ளை இவள்தான் எண்டு. பாத்த பிள்ளையை எப்பிடி அனுப்புறது? நீ போயிருந்தால் எனக்குக் காலில்லை."

அம்மா இதைப் பாராட்டாகத்தான் சொன்னார். குரலில் பெருமைகூட இருந்தது.

அந்த முட்டைக்காரியை நான் அம்மாவைப் பார்த்துக் கட்டவில்லை என்று அப்போது சொல்லியிருக்கலாம். அம்மாவை விட்டுப் போவதற்காகக் கட்டினேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு ஆள் என்னை முகத்துக்காக இல்லாமல் குணத்துக்காகத் தேர்ந்தெடுத்திருந்தால் போதும் என்று ஆறு வருடம் புழுங்கிக் கிடந்தவள் நான். இரண்டு பேர் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதில் வென்றவர் அம்மா.

"நாளைக்குக் கிளினிக்குக்கு ஆக்கள் வருகினமாம்" என்று அம்மா காலை என் பக்கம் தள்ளினார். "இப்ப கக்கூசுக்கு ஒருக்கால் போக வேணும். இதைக் கொஞ்சம் இறுக்கிவிடு பிள்ளை, தளர்ந்துபோச்சு."

முழங்காலில் இருந்தேன். துணியுறையை இழுத்துவிட்டேன். இலாஸ்டிக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக் கொக்கியை மாட்டினேன். பிறகு கழற்றி, இன்னொரு சுற்றுச் சுற்றி, தேவைக்கு மேலேயே இறுக்கி மாட்டினேன். தோல் வெளுத்தது. அம்மா பல்லைக் கடித்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.